விரதம் கெடுக்காத மாத்திரை

என் ஜாதகத்தில் செவ்வாய் எட்டாம் வீட்டில் உட்கார்ந்திருந்தது. நான் ஒன்றும் அதை அங்கே உட்காரச் சொல்லவில்லை. ஆனாலும் அது உட்கார்ந்த குற்றத்துக்கு எனக்குப் பதினேழு வயதிலிருந்து தண்டனை நடந்தது. ஜாதகத்தைக் கேட்டு வாங்கிய ஒவ்வொருவரும் மடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். சிலர் காப்பி குடித்துவிட்டுக் கொடுத்தார்கள், சிலர் குடிக்காமலே கொடுத்தார்கள். அரிமளத்துக்குக் கிழக்கே இருந்த எங்கள் ஊரில் என் வயதுப் பெண்களெல்லாம் இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாகத் திருவிழாவுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்கள். சமஸ்தானம் கலைந்து, புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த காலம் அது. சமஸ்தானமே நகர்ந்துவிட்டது, என் செவ்வாய் மட்டும் நகரவில்லை.

இதில் எனக்குப் பெரிய துக்கம் இருந்ததாகச் சொன்னால் அது பொய். எனக்கு வாய் நீளம், எட்டாவது வரை படித்த திமிர் வேறு. வருகிறவன் வரட்டும், வராதவன் போகட்டும் என்று களத்தில் நெல் காயப் போட்டுக்கொண்டு காக்கை விரட்டுவேன். துக்கமெல்லாம் ஆத்தாளுக்குத்தான். நான் ஒரே பிள்ளை. அண்ணன் தம்பி இல்லாத பெண்ணை ஒருவன் கையில் பிடித்துக் கொடுக்காமல் கண்ணை மூடிவிடுவோமோ என்ற பயம் அவளைப் பிடித்து ஆட்டியது. செவ்வாயால் வந்த தோஷத்துக்கு முருகனிடம்தான் போக வேண்டும், செவ்வாய்க்கிழமைதான் விரதம் இருக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். சொன்னவர் யார் என்று தெரிந்தால் இன்றைக்கும் நான் அவரோடு சண்டைக்குப் போவேன்.

எங்கள் வீட்டில் விரதச் சட்டமெல்லாம் அத்தையின் கையில் இருந்தது. அத்தை அப்பாவின் அக்கா. புருஷன் போன பிறகு எங்களோடு வந்து இருந்தாள். எந்த விரதத்துக்கு எது ஆகும், எது ஆகாது என்று ஊர்ப் பெண்களெல்லாம் அவளிடம்தான் கேட்டுப் போவார்கள். செவ்வாய் விரதத்துக்கு அவள் போட்ட சட்டம் இது: விடிந்ததிலிருந்து கோயிலில் சாயங்கால விளக்கு ஏற்றும்வரை பல்லில் எதுவும் படக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம். கடுங்காப்பி குடிக்கலாம், பால் ஒரு சொட்டு விழுந்தாலும் அது ஆகாரம் ஆகிவிடும். விளக்கு பார்த்த பிறகு உப்பில்லாத பச்சரிசிச் சோறு ஒரு வேளை. ஆத்தா அத்தை கிழித்த கோட்டைத் தாண்ட மாட்டாள்.

விரதம் இருந்துகொண்டு சாமி முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாலாவது பரவாயில்லை. ஆத்தா வயலுக்குப் போவாள். களை எடுக்கிற நாளில் செவ்வாய்க்கிழமை என்று வயல் லீவு விடுமா? வெறும் வயிற்றோடு உச்சி வெயிலில் குனிந்து நிமிர்ந்தால் தலை வலிக்காமல் என்ன செய்யும்? அவளுக்கு முன்னாலேயே மண்டையிடி உண்டு. நெற்றியில் சுக்குப் பத்துப் போட்டுக்கொண்டு, துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சமாளித்துக்கொண்டிருந்தாள். விரதம் ஆரம்பித்த பிறகு பத்தும் கேட்கவில்லை, துணியும் கேட்கவில்லை.

அந்த வருஷம் பங்குனித் திருவிழாவுக்கு ஒரு வேன் வந்தது. மேலே குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். பாட்டுப் போட்டுக் கூட்டம் சேர்த்து, தலைவலி, காய்ச்சல், உடம்பு வலி எதுவானாலும் ஒரே மாத்திரையில் போய்விடும் என்று ஒருவர் நல்ல தமிழில் கத்தினார். கத்திவிட்டு ஆளுக்கு ஒரு வெள்ளை மாத்திரை இனாமாகக் கொடுத்தார். ஆத்தா வரிசையில் நின்று வாங்கிப் போட்டுக்கொண்டாள். தேர் நிலைக்கு வருவதற்குள் தலைவலி போய்விட்டது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவள் முகத்தில் அதிகம் பார்த்ததில்லை. வேன் போன பிறகு எங்கள் ஊர்ப் பெட்டிக்கடைக்கே அந்த மாத்திரை வந்துவிட்டது. காகிதப் பட்டையில் வரிசையாக ஒட்டி, பீடிக்கட்டுக்கும் சோப்புக்கும் நடுவில் தொங்கவிட்டிருப்பார்கள். கேட்டால் கத்தரித்துக் கொடுப்பார்கள்.

உடனே வீட்டில் ஒரு கேள்வி எழுந்தது. மாத்திரை போட்டால் விரதம் கெடுமா? சிரிக்காதீர்கள். ஆத்தா அதற்குப் பயந்து மூன்று நான்கு செவ்வாய்க்கிழமை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே வலியில் சுருண்டு கிடந்தாள். பார்க்கச் சகிக்காமல் அத்தைதான் தீர்ப்புச் சொன்னாள்.

"பசிய ஆத்துனாத்தான் ஆகாரம். இது பசிய ஆத்துதா? வலியத்தான ஆத்துது. மருந்துக்கு விரதம் கெடாது, போடுத்தா."

அத்தை கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆத்தாளின் மேல் அவளுக்கு இருந்த பாசம் எனக்குத் தெரியும். தம்பி பெண்டாட்டியைத் தன் கூடப்பிறந்தவள் போலத்தான் வைத்திருந்தாள். வேறு யாராக இருந்தாலும் அதே தீர்ப்பைத்தான் சொல்லியிருப்பார்கள். ஊரில் அதைக் கேட்டவர்கள் எல்லோரும், ஆமாம், நியாயம்தானே என்றார்கள். அது முதல் எங்கள் தெருவில் விரதம் இருந்த பெண்கள் எல்லோருடைய முந்தானையிலும் ஒரு மாத்திரை முடிந்திருந்தது. சோறு சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டிய மாத்திரையை, சோறே சாப்பிடக் கூடாத நாளில் போட்டுக்கொண்டோம். வேறு எந்த ஊர் முட்டாளுக்காவது இது தோன்றியிருக்குமா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

முதலில் விரத நாளுக்கு ஒன்று போதுமாக இருந்தது. பிறகு காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. கிருத்திகையும் சேர்ந்துகொண்டது. பிறகு வெள்ளிக்கிழமையும் சேர்ந்துகொண்டது. அப்புறம் விரதம் இல்லாத நாளிலும் மாத்திரை இல்லாவிட்டால் தலை வலித்தது. நெஞ்சுக்குக் கீழே எரிகிறது என்று ஆத்தா அவ்வப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். விரதச் சூடு என்றாள் அத்தை. மோர் குடித்தால் அடங்கும், ஆனால் மோர் ஆகாரம், சாயங்காலம்வரை பொறுத்துக்கொள் என்றாள். ஆத்தா பொறுத்துக்கொண்டாள். பொறுத்துக்கொள்வதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

அடுத்த வருஷத்துக்குள் ஆத்தா வெளுக்க ஆரம்பித்தாள். வெயிலில் கருத்த உடம்பு அது. அது வெளுத்ததைப் பார்த்து ஒருவராவது பயந்தார்களா? இல்லை. முகத்தில் களை வந்துவிட்டது, முருகன் கண் திறந்துவிட்டான் என்று வருகிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். ஆத்தாளுக்கும் அதில் ஒரு பெருமை. படி ஏறினால் மூச்சு வாங்கும், குடத்தைத் தூக்கினால் கண் இருட்டும். அதையெல்லாம் யாரிடமும் சொல்ல மாட்டாள்.

ஒரு நாள் கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எனக்காக நீ பட்டினி கிடக்காதே, கல்யாணம் ஆகவில்லை என்றால் நான் ஒன்றும் செத்துப்போக மாட்டேன் என்று கத்தினேன். அவள் கோபப்படவில்லை. குடத்தைப் பிடித்துக்கொண்டே எழுந்தாள்.

"நீ சாவமாட்டடி. நான் செத்தா ஒன்ன யாரு பாக்குறது? அதுக்குத்தான் நான் பறக்குறேன்."

குடத்தை வாங்கி என் இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

கடைசியில் திருமயம் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்கும் செவ்வாய் எட்டில். இரண்டு தோஷமும் சேர்ந்தால் சமன் ஆகிவிடும் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை, குடிப் பழக்கம் கிடையாது. ஆத்தா அன்று தரையிலேயே நடக்கவில்லை. அவர்கள் பெண் பார்க்க வருவது வியாழக்கிழமை. விரத நாளே இல்லை. ஆனால் காரியம் கூடி வர வேண்டுமே என்று அன்றைக்கும் ஒரு விரதத்தை ஏற்றுக்கொண்டாள். பட்சணம் சுடுகிற அடுப்புச் சூட்டில் நின்றுகொண்டு, தலைவலிக்குக் கடுங்காப்பியில் மாத்திரை போட்டு விழுங்கினாள்.

மாப்பிள்ளை வீட்டார் வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஆத்தா கொல்லைப்புறம் ஓடினாள். நான் பட்டுப்புடவையோடு பின்னால் போனேன். வைக்கோல் போருக்குப் பின்னால் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். கரும்பழுப்பாக, குருணை குருணையாக, காப்பித்தூளை வாரித் தின்றுவிட்டுக் கக்கியது போல இருந்தது. இரத்தம் என்றால் சிவப்பாக இருக்கும் என்றுதான் எங்களுக்குத் தெரியும். வயிற்றுக்குள் கிடந்த இரத்தம் இப்படிக் கறுத்துப்போய் வரும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? அத்தை வந்து பார்த்துவிட்டு, வெறும் வயிற்றில் காப்பியைக் குடித்ததுதான் காரணம், பித்தம் கக்குகிறது என்றாள். அப்படித்தான் இருந்தது, காப்பி போலவேதான் இருந்தது. நானும் நம்பினேன். நல்ல காரியம் பேச வந்திருக்கிற நேரத்தில் இது வெளியே தெரிந்தால் அபசகுனம் என்று அத்தை மண்ணைத் தள்ளி மூடினாள். ஆத்தா வாய் கொப்பளித்து, முகம் துடைத்து, குங்குமம் வைத்துக்கொண்டு போய், சம்பந்தி அம்மாவுக்குச் சந்தனம் கொடுத்தாள். அந்த அம்மா ஆத்தாளின் முகத்தைப் பார்த்து, எவ்வளவு லட்சணம் என்றார்களாம்.

அன்றிலிருந்து வீட்டில் காப்பி நின்றது. பழியெல்லாம் காப்பியின் மேல் விழுந்தது. ஆத்தா மாத்திரையை வெறும் தண்ணீரில் விழுங்க ஆரம்பித்தாள்.

வாந்தி மறுபடியும் வந்தபோது அப்பா பயந்துபோய் வண்டி கட்டி அவளை எல்.எம்.பி. டாக்டரிடம் கூட்டிப் போனார். அத்தையும் போனாள். நான் போகவில்லை. சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கும் பெண் டாக்டர் வீட்டு வாசலில் நிற்கக் கூடாதாம். அங்கே நடந்ததை அப்பா பின்னால் பலமுறை எனக்குச் சொல்லியிருக்கிறார். டாக்டர் கண் இமையை விலக்கிப் பார்த்து, உடம்பில் இரத்தமே இல்லையே என்றாராம். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாராம். விரதம் என்றார்களாம். அதற்குத் திட்டினாராம். பிறகு, வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று நிறுத்தி நிதானமாகக் கேட்டாராம். மூன்று பேரும் ஒரே குரலில் இல்லை என்றார்களாம்.

மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. மருந்து என்றால் டாக்டர் எழுதிக் கொடுப்பது, கண்ணாடிப் புட்டியில் அளவுக் கோடு ஒட்டி வருவது. ஆத்தா போட்டது பெட்டிக்கடையில் பீடியோடு தொங்குவது. அதைப் போய் டாக்டரிடம் மருந்து என்று சொல்வார்களா? விரதத்தின் முன்னால் அது மருந்தாக இருந்தது, அதனால் ஆகாரம் இல்லை என்றார்கள். டாக்டரின் முன்னால் அது கடைச் சாமானாக இருந்தது, அதனால் மருந்து இல்லை என்றார்கள். நான் போயிருந்தாலும் என் வாயிலும் அதே 'இல்லை'தான் வந்திருக்கும். எங்கள் ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

டாக்டர் கொடுத்த மிக்சர் மருந்தும் பாலும் கொஞ்ச நாள் கேட்டது. அதற்குள் திருமயத்திலிருந்து சம்மதம் என்று ஆள் வந்தது. தேதி பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். முருகன் வாக்குக் கொடுத்துவிட்டான், இப்போது விரதத்தை விட்டால் நன்றி கெட்ட காரியம் என்று ஆத்தா மறுபடியும் ஆரம்பித்தாள். நான் சண்டை போட்டேன், அப்பாவும் சண்டை போட்டார். தாலி ஏறட்டும், அன்றைக்கு விட்டுவிடுகிறேன் என்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த இடத்திலேயே விழுந்தாள். வண்டியில் அரிமளம், அங்கிருந்து பஸ்ஸில் புதுக்கோட்டை. பஸ்ஸில் என் மடியில் படுத்திருந்தாள். கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது. இந்தத் தடவை என்னை யாரும் வரக் கூடாது என்று சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் பார்த்தார். எடுத்த எடுப்பிலேயே, வெளிக்குப் போவது தார் மாதிரிக் கறுப்பாகப் போகிறதா என்று கேட்டார். ஆத்தா வெட்கப்பட்டுக்கொண்டு தலையை ஆட்டினாள். எத்தனை நாளாக? ரொம்ப நாளாக. எங்கள் யாருக்குமே தெரியாது. இதை ஒருத்தி யாரிடம் சொல்வாள்? மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று இவரும் கேட்டார், இல்லை என்றோம். வயிற்றுக்குள் புண் இருக்கிறது, அதிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டே இருக்கிறது, உடனே இரத்தம் ஏற்ற வேண்டும் என்றார். அப்பாவின் இரத்தம் சேர்ந்தது. ஊசியைக் கண்டாலே ஒதுங்குகிற மனுஷன், சட்டையைக் கழற்றிவிட்டுப் போய்ப் படுத்துக் கொடுத்தார். இரத்தம் ஏறிய பிறகு ஆத்தாளின் உதட்டில் கொஞ்சம் நிறம் வந்தது. கஞ்சி கேட்டுக் குடித்தாள். பிழைத்துவிட்டாள் என்று நான் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, ரொம்ப நாள் கழித்து, வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை வந்தது. அதற்கு ஆஸ்பத்திரி என்றும் தெரியாது, வீடு என்றும் தெரியாது. காலையில் வந்த பாலை ஆத்தா வேண்டாம் என்று தள்ளினாள். நான் கெஞ்சிப் பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன். சாயங்காலம் குடிக்கிறேன் என்று ஒரே பிடி. நர்ஸிடம் சொல்லலாம் என்று நர்ஸைத் தேடிப் போனேன். அந்த நேரத்தில் ஊரிலிருந்து அத்தையும் சொந்தக்காரர்கள் சிலரும் வந்தார்கள். இரத்தம் குறைந்த உடம்பு அல்லவா, ஆத்தாளுக்கு மண்டை பிளந்துகொண்டிருந்தது. அத்தை பார்த்துப் பதறிப்போய், கையோடு கொண்டுவந்திருந்த மாத்திரையைக் கொடுத்தாள். ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தாள். நான் திரும்பி வருவதற்கும் லேடி டாக்டர் உள்ளே வருவதற்கும் சரியாக இருந்தது. அந்தக் காகிதப் பட்டை போர்வையின் மேல் கிடந்தது.

டாக்டர் அதை எடுத்துப் பார்த்தார். எவ்வளவு நாளாக இதைச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். அத்தைதான் பதில் சொன்னாள், ரெண்டு வருஷமாத்தாங்க, இது இல்லாட்டி அவளால தல நிமுத்த முடியாது என்று. டாக்டரின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"மருந்து எதும் சாப்பிடுறீங்களான்னு நான் உங்களை வந்தன்னைக்கே கேட்டேனா இல்லையா?"

ஆத்தா படுத்தபடியே கும்பிட்டாள். "கேட்டீகம்மா. இது மருந்தில்லீங்களே. கடையில விக்கிறதுதான."

டாக்டர் அந்தக் காகிதப் பட்டையை உயர்த்திக் காட்டினார். பிறகு எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். இந்த மாத்திரை வெறும் வயிற்றில் விழுந்தால் வயிற்றின் உள்தோலை அரித்துவிடும். என்றைக்கோ ஒரு நாள், சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று போட்டால் பலருக்கு ஒன்றும் ஆகாது. தினம் போடக் கூடாது, வலி அடங்கவில்லை என்று மேலே மேலே போடக் கூடாது. வயிற்றில் எரிச்சலோ புண்ணோ இருக்கிறவர்கள் தொடவே கூடாது. மாதக்கணக்கில் தலை வலித்தால் போக வேண்டிய இடம் கடை இல்லை, டாக்டர். இவ்வளவுதான். இரண்டு நிமிஷம்கூட ஆகாது இதைச் சொல்ல. அந்த வேனில் வந்தவர் பாட்டுக்கு நடுவில் சொல்லியிருக்கலாம். அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம், கோயிலில் விளக்கு ஏற்றுகிற நேரத்துக்கு, ஆத்தா மறுபடியும் கக்கினாள். இந்தத் தடவை சிவப்பாகவே வந்தது. அப்பாவிடம் இன்னொரு முறை எடுக்க முடியாது என்றார்கள். என் இரத்தம் சேரவில்லை. அத்தையைக் கிழவி என்று தள்ளிவிட்டார்கள். கூட வந்திருந்த சொந்தக்காரர்களுக்கு அரிமளம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நன்றாக இருக்கட்டும்.

விடிந்தபோது ஆத்தா கண்ணைத் திறந்து என்னைத்தான் தேடினாள். குனிந்து காதை வைத்தேன்.

"அவுக தேதி வச்சுட்டாகளாடி?"

வைத்துவிட்டார்கள் என்றேன். வாய் கூசாமல் சொன்ன பொய் அது. வெயில் ஏறுவதற்குள் போய்விட்டாள்.

வாடகைக் காரில் அவளை ஊருக்குக் கொண்டு வந்தோம். ஆத்தாளின் பிறந்த வீடு கோட்டைப்பட்டினத்துப் பக்கம். அங்கிருந்து கோடித் துணி வராமல் எடுக்க முடியாது. அவர்கள் வந்து சேரச் சாயங்காலம் ஆகும் என்றார்கள். அதுவரை நடுவீட்டில் கிடத்தி, பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். திருமயத்துக்காரர்களும் துக்கத்துக்கு வந்தார்கள். வந்தவர்கள் வாசலிலேயே நின்று, அப்பாவின் கையைத் தொட்டுவிட்டு, உள்ளே நுழையாமல் திரும்பிப் போனார்கள். அவர்கள் ஏன் திரும்பினார்கள் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அழுகைக்கு நடுவிலேயே காதில் விழுந்தது. பெண்ணின் ஜாதகம் ஆத்தாளைத் தூக்கிக்கொண்டுபோய்விட்டது, புருஷன் வீட்டுக்குப் போயிருந்தால் புருஷனைத் தூக்கியிருக்கும்.

என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று சொன்னேன். ஜாதகம் இல்லை, வெறும் வயிற்றில் போட்ட மாத்திரை, டாக்டரம்மா வாயால் சொன்னது, அத்தையைக் கேளுங்கள், அப்பாவைக் கேளுங்கள் என்றேன். எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒருத்தி என் தோளை அமுக்கி உட்கார வைத்தாள். மாத்திரையில் சாவதாக இருந்தால் இந்த ஊரில் பாதிப் பேர் இருக்க மாட்டோமே என்றாள் இன்னொருத்தி. அத்தை வாயைத் திறக்கவில்லை. ஜாதகம் என்று சொல்லிவிட்டால் அவளுக்கும் நிம்மதிதானே.

பொழுது மேற்கே சாய்ந்தது. பிணம் எடுக்காத வீட்டில் அடுப்பு எரியக் கூடாது, யாரும் சாப்பிடக் கூடாது. காலையிலிருந்து பட்டினியும் அழுகையும். எல்லோருக்கும் மண்டை கனத்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு போசியில் கடுங்காப்பி வந்தது. அதன் கூடவே ஒரு தட்டில் மாத்திரை வந்தது. ஒருத்தி எடுத்து இன்னொருத்திக்குக் கொடுத்தாள். ஆத்தாளின் காலடியில் உட்கார்ந்துகொண்டு, அவளைக் கொன்ற அதே மாத்திரையை, அவள் போட்டது போலவே போட்டு விழுங்கினார்கள். தட்டு வாசலுக்கும் போனது. பந்தலில் உட்கார்ந்திருந்த அப்பா கையை நீட்டி ஒன்றை எடுத்துக்கொண்டார்.

நான் ஓடிப் போய் அவர் கையைப் பிடித்தேன். காதால் கேட்டவர் நீங்கள்தானே என்றேன்.

"தல தெறிக்குது தாயி. முடியல."

"சோறு தின்னுட்டுப் போடுங்க."

"அவ உள்ள கெடக்குறா. சோறா?"

இரத்தம் கொடுத்துவிட்டு வந்த உடம்பு. நேற்று மத்தியானத்திலிருந்து அவர் வயிற்றில் ஒன்றுமில்லை. நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. அடுப்படிக்குப் போனேன். விறகை வைத்தேன், பற்ற வைத்தேன். நொய்யைக் கழுவி உலையில் போட்டேன். புகை நடுவீட்டுக்குப் போன பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. அழுகை அப்படியே நின்றுபோனது. பெற்றவள் பிணமாகக் கிடக்கும்போது உலை வைத்திருக்கிறாளே, இவள் பெண்ணா பிசாசா என்று வாசலில் நின்றவர்கள்வரை வந்துவிட்டார்கள். ஒருத்தி சொம்புத் தண்ணீரோடு அடுப்பை அணைக்க வந்தாள். கிட்டே வந்தால் கொள்ளிக்கட்டையை எடுப்பேன் என்று சொன்னேன். எடுத்திருப்பேன். பிசாசு என்ற பேர் எனக்கு அன்றைக்கு வந்தது, என் ஜாதகம் அதற்கப்புறம் எங்கள் வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை.

கஞ்சியைக் கும்பாவில் ஊற்றி, உப்புப் போட்டு, ஆற்றிக்கொண்டு வாசலுக்குப் போனேன். கூட்டம் விலகி வழி விட்டது, தொட்டால் தீட்டு என்பது போல. அப்பா என்னைப் பார்த்தார், உள்ளே கிடந்தவளைப் பார்த்தார். மாத்திரையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் கும்பாவை வாங்கினார். ஊரே பார்த்துக்கொண்டிருக்க ஒரு வாய் குடித்தார். அது தொண்டையில் இறங்குவதற்குள் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"ஒரு செவ்வாக்கெழமையாச்சும் அவளுக்கு இப்புடி ஊத்திக் குடுக்கணும்னு எனக்குத் தோணலையேத்தா."

மிச்சத்தையும் குடிக்கச் சொன்னேன்.